அணிலுக்கு முதலில் நடை, பிறகு முகம்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக ஒரு படக்கதைப் புத்தகம் செய்ய விரும்புகிறீர்கள். மந்தைவெளியில் உங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனிக்கு வந்து போகும் அணில் ஒன்றை நாயகியாக்கி, பெரிய கண்கள், ரோஜா நிறக் கவுன், தலையில் ரிப்பன் என்று படமும் வரைந்துவிட்டீர்கள். பார்த்த பெரியவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். உங்கள் மகளோ ஒருமுறை பார்த்ததோடு சரி, மறுபடி அந்த அணிலைக் கேட்கவே இல்லை. போதாததற்கு, பக்கத்துக்குப் பக்கம் அது வேறு வேறு அணிலாகத் தெரிகிறது. கதாபாத்திரத்தை எப்படி உருவாக்குவது, எங்கே பிசகியது என்று கேட்கிறீர்கள்.

சென்னையில் சிறுவர் படப் புத்தகங்களுக்கு வரைவதிலும், பிறர் வரைந்ததைப் புத்தகமாகக் கோப்பதிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எனக்கு, உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான் என்று தோன்றுகிறது: நீங்கள் முகத்திலிருந்து தொடங்கிவிட்டீர்கள். நான் நடையிலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்த அணிலுக்கு என்ன வேண்டும், அதை அடைய அது உடம்பை எப்படி அசைக்கிறது என்ற இரண்டும் தெளிவாகும் வரை கண், மூக்கு, உடை எதையும் வரையாமல் இருப்பது நல்லது.

இதற்கு நம்மிடமே ஓர் அருமையான முன்மாதிரி இருக்கிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் ஓர் அணிலைக் காட்டுகிறார். குரங்குகள் மலைகளைப் பெயர்த்துத் தள்ளிக் கடலை அடைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த அணில் நீரில் குளித்து, மணலில் புரண்டு, ஓடுகிறது. ஒட்டிய மணலைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அந்த ஓட்டம். கண் எப்படி இருந்தது, வால் எப்படி இருந்தது என்று ஒரு சொல்கூட இல்லை. மூன்று வினைகள், ‘சலமிலா’, அதாவது வஞ்சனையில்லாத, என்று ஒரே ஒரு குணம், அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அணில் தமிழ்க் குழந்தைகளின் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்த மூன்று வினைகளே காரணம் என்று நான் நம்புகிறேன். முதுகுக் கோட்டுக் கதை வேறு சேர்ந்துகொண்டது, உண்மைதான். ஆனால் மணலை உதறிவிட்டு மறுபடி குளிக்கப் போகும் அந்தச் சின்ன உடம்பைத்தான் குழந்தை நடித்துக் காட்டும்.

ஆகவே பத்து நாள் பார்வையோடு தொடங்குங்கள். உங்கள் பால்கனி போதும்; போதாவிட்டால் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நேரத்தில் போய் உட்காருங்கள். ஒரு படத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காமல், முதுகின் வளைவையும் வாலின் வளைவையும் மட்டும் கோடாக இழுங்கள். நம் ஊர் அணில் மரத்தில் தலைகீழாக இறங்கும். எதையாவது தின்னும்போது பின்னங்கால்களில் குந்தி, முன்னங்கால்கள் இரண்டாலும் பிடித்துக்கொண்டு தின்னும். முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து. பூனையைக் கண்டு கத்தும்போது ஒவ்வொரு கீச்சுக்கும் வாலை ஒரு முறை சுண்டும். ஓடும்போது ஓடிக்கொண்டே இருக்காது. சட்டென்று நிற்கும், உறைந்துபோகும், பிறகு மறுபடி ஓடும். இந்த நிற்றல்தான் படக்கதைக்குக் கிடைத்த வரம். அணில் உறைந்து நிற்கும் இடத்தில் உங்கள் பக்கமும் நிற்கலாம், ‘அப்புறம்?’ என்று குழந்தை கேட்கும்போது தாளைப் புரட்டலாம்.

என் வீட்டு வாசலில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தென்னை நாரில் செய்த கால்மிதி ஒன்று கிடந்தது. ஓர் அணில் அதன் ஓரத்தில் வந்து நின்று, ஒரு நாரைப் பல்லால் கவ்வி, நான்கு கால்களையும் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தது. வரவில்லை. விட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தது. மறுபடி இழுத்தது. நார் திடீரென்று பிடுங்கிக்கொண்டு வந்தபோது அணில் ஒரு சாண் பின்னால் போய் உட்கார்ந்தது. பிறகு முன்னங்கால்களால் அந்த நாரைச் சுருட்டிச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டது. கன்னத்தின் இரு பக்கமும் மீசை முளைத்தது போல நார் நீட்டிக்கொண்டிருந்தது. அதே கோலத்தில் ஏசியின் வெளிப்பெட்டி மேல் ஏறிப் பின்புறம் மறைந்தது. அங்கே கூடு கட்டிக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. நான் வரைந்த எந்த அணிலும் அந்த நார் மீசைக்கு ஈடாகாது. உங்களுக்குப் பயன்படுமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்; இனிவரும் விளக்கம் முழுவதற்கும் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

அந்த அணிலுக்கு வேண்டியது நார். கண்ணால் பார்க்கக்கூடிய, வாயால் கவ்வக்கூடிய ஒரு பொருள். புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் கதாபாத்திரத்துக்கு நட்பு வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும், அன்பு வேண்டும் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்த எண்ணங்களில் பிழையில்லை. ஆனால் தன்னம்பிக்கையை வரைய முடியாது, நாரை வரையலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு அதுவே புரியும். தனக்கு வேண்டிய பொருள் எட்டாத உயரத்தில் இருப்பது என்றால் என்னவென்று அந்த வயதில் ஒவ்வொரு நாளும் தெரிந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த நார் பாட்டியின் கால்மிதியில் இருக்கிறது, பாட்டி பகலெல்லாம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொண்டால் தடையும் கிடைத்துவிட்டது, கதையும் கிடைத்துவிட்டது. எழுத்தில் கால்மிதியைப் பற்றி ஒன்றுமே சொல்லாதீர்கள். படத்தில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் அது சிறுத்துக்கொண்டே வரட்டும். அம்மா படித்துக்கொண்டிருக்கும்போது, எழுத்துத் தெரியாத குழந்தை அதைக் கண்டுபிடித்து விரலை வைத்துக் காட்டும். படக்கதையில் படம் இருப்பதன் பயனே அதுதான் என்று சொல்லும் அளவுக்கு இந்த உத்தியை நான் மதிக்கிறேன்.

நடையை முடிவு செய்வதற்குத் தமிழே பெரிய உதவி. குடுகுடு, விடுவிடு, தத்தித் தத்தி, ஆடி அசைந்து, பம்மிப் பம்மி, துள்ளித் துள்ளி என்று நடையைச் சொல்ல நம்மிடம் எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் உச்சரிக்கும்போதே உடம்பைக் காட்டிவிடுகிறது. ‘குடுகுடு’ என்றால் கால்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும் விழுகின்றன. ‘பம்மிப் பம்மி’ என்றால் வயிறு தரையைத் தொடுகிறது, முதுகு உயர்கிறது. உங்கள் அணிலுக்கு இவற்றில் ஒன்றைச் சொத்தாகக் கொடுத்துவிடுங்கள். பாட்டிக்கு வேறொன்று, எதிர்வீட்டுப் பூனைக்கு வேறொன்று. அணிலுக்குரிய சொல்லை மற்ற எவருக்கும் தராதீர்கள். மூன்றாவது பக்கத்துக்குள் குழந்தை அந்தச் சொல்லைக் கேட்டதுமே யார் வருகிறார் என்று சொல்லிவிடும். ஓவியம் வரையும்போதும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோடு போடுங்கள். கோடு மாறுவது உங்களுக்கே தெரியும்.

பெரிய கண்களுக்கு வருவோம். பெரியவர்கள் உங்கள் படத்தை உடனே விரும்பியதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் இதைப் பற்றி எழுதினார்: உடம்போடு ஒப்பிடும்போது பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தில் சற்றுத் தாழ்ந்து அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம் ஆகிய கூறுகளைக் கண்டால் வளர்ந்தவர்களிடம் பேணும் உணர்வு தானாகவே எழுகிறது என்பது அவர் கருத்து. இதைப் படித்த போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. பேணும் உணர்வு பெரியவருடையது. புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்கவேண்டியது குழந்தை. குழந்தை தன் கூட்டாளியைத் தேடுகிறது, தன்னைப் போலவே எதற்காகவோ முண்டிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடுகிறது. மேலும், அதே அளவுகளை வைத்து வரைந்தால் அணிலும் முயலும் பூனைக்குட்டியும் காதை மட்டும் மாற்றிக்கொண்ட ஒரே பிராணியாகிவிடும். கண்ணைப் பெரிதாக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அது கடைசியாக எடுக்கவேண்டிய முடிவு என்கிறேன்.

கண்ணும் முகமும் இல்லாமல் கதாபாத்திரம் நிற்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. உங்கள் அணிலை முழுக்கக் கறுப்பு மையால் நிரப்பிவிட்டு, வெறும் நிழலுருவாகத் தொலைவில் வைத்துப் பாருங்கள். யார் என்று தெரிய வேண்டும்; என்ன செய்கிறது என்றும் தெரிந்தால் இன்னும் நல்லது. 1947இல் இதே சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமன் ஒரு கையில் வாளும் தோளில் தொங்கும் உடலுமாக நடந்து வருவான். முகத்தைக் கையால் மூடிவிட்டுக் காட்டினாலும், அந்த இதழைப் பார்த்து வளர்ந்தவர்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அந்த உருவத்தில் கதை முழுவதும் இருக்கிறது: சுமப்பவன், சுமக்கப்படுவது, தளராத நடை. உங்கள் அணிலின் நிழலுருவில் வாயின் இரு பக்கமும் நீட்டிய நாரும், கேள்விக்குறி போல் நிமிர்ந்த வாலும் இருந்தால் அதை வேறு எந்த அணிலோடும் குழப்ப முடியாது. ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும்போது கடைகளின் நடுவே நின்று பாருங்கள். பத்தடி தொலைவிலிருந்து அட்டையில் கண்ணுக்குத் தெரிவது நிழலுருவம் மட்டுமே.

கவுனைக் கழற்றிவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கும் அதுவே காரணம். அணிலின் ஆகச் சிறந்த அடையாளம் முதுகிலுள்ள மூன்று வெள்ளைக் கோடுகள். நீங்கள் அதைத்தான் துணியால் மூடியிருக்கிறீர்கள். விலங்குகளுக்கு உடை போடுவது பழைய வழக்கம், அதில் தடையில்லை. ஆனால் உடை ஒரு வேலை செய்ய வேண்டும். பை இருந்தால் அதில் எதையாவது போட வேண்டும், தொப்பி இருந்தால் அது காற்றில் பறக்க வேண்டும். ரிப்பனைப் பொறுத்தவரை, பெண் என்று தெரிவிப்பதற்காக மட்டுமே அது தலையில் இருக்கிறது என்றால், பெண் குழந்தைகளுக்கு நாம் வேறு என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டியிருக்கிறது. நார் பிடுங்கி வீடு கட்டுகிறவள் என்பதே அவளை அறிமுகப்படுத்தப் போதுமானது.

உடையால் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் ஒரு குரங்குக்குக் கட்டம் போட்ட சட்டை மாட்டி வரைந்தேன். இருபத்து நான்கு பக்கம், ஏறத்தாழ நாற்பது குரங்கு உருவங்கள். கட்டங்களை ஒவ்வொரு முறையும் மடிப்புக்கு ஏற்ப வளைத்து வரைந்து கை ஓய்ந்துபோனது. புத்தகம் அச்சாகி வந்தபின் ஒரு பள்ளியில் படித்துக் காட்டினேன். முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து வந்து, ஆறாம் பக்கத்தைப் புரட்டி, “இங்க மூணு பட்டன், அங்க நாலு பட்டன். ஒண்ணு யார் தெச்சா?” என்று கேட்டாள். பக்கத்துக்குப் பக்கம் அணில் மாறுகிறது என்று நீங்கள் வருந்துகிறீர்களே, அதை உங்களைவிடக் கூர்மையாகப் பார்ப்பவர்களுக்காகத்தான் இந்தப் புத்தகம்.

அந்த மாற்றத்தைத் தடுக்கும் வழி, கதையின் முதல் பக்கத்தை வரைவதற்கு முன்பே அணிலுக்கென்று ஒரு மாதிரித் தாள் தயாரிப்பது. ஒரே கோட்டின் மேல் ஒரே உயரத்தில் முன்புறம், முக்கால்புறம் (சற்றே பக்கம் திரும்பிய நிலை), பக்கவாட்டு, பின்புறம் என்று நான்கு தோற்றங்களை நிறுத்துங்கள். அளவுகளைத் தலையால் அளந்து எழுதிவையுங்கள். மனிதர்களில் பிறந்த குழந்தையின் தலை மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. அதே போல உங்கள் அணிலுக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்: குந்தியிருக்கும்போது இரண்டரைத் தலை உயரம், வால் ஏறத்தாழ உடம்பு நீளம், காது கண்ணுக்கு நேர் மேலே, கோடுகள் தோளில் தொடங்கி வாலடியில் முடிகின்றன, என்பது போல. இந்தக் கணக்கு இயற்கையோடு முழுக்க ஒத்திருக்கவேண்டிய அவசியமில்லை. தன்னோடு தானே ஒத்திருந்தால் போதும். பிறகு பாட்டி, கால்மிதி, வாசற்படி, பூனை எல்லாவற்றையும் அணிலோடு ஒரே தாளில் வரிசையாக நிறுத்தி உயரத்தை உறுதி செய்யுங்கள். அதைச் செய்யாததால்தான் பல புத்தகங்களில் எலி ஒரு பக்கத்தில் செருப்பளவும் மறுபக்கத்தில் பூனையளவும் இருக்கிறது.

களிமண்ணில் உள்ளங்கை அளவுக்கு ஓர் அணிலைப் பிடித்து வைத்துக்கொள்வது இன்னும் சிறந்தது. கொலு பொம்மை போல் நேர்த்தியாக வேண்டாம். வால் எங்கே சேர்கிறது, கோடு எப்படி வளைந்து போகிறது என்று தெரிந்தால் சரி. மேலிருந்து பார்த்து வரையவேண்டிய பக்கம் வரும்போது அதைக் கவிழ்த்து, சாய்த்து, விளக்கடியில் வைத்துப் பார்க்கலாம். தலைகீழாக இறங்கும் அணிலை மனத்தாலேயே வரைய முயன்றால் கழுத்து ஒடிந்ததுபோல் வரும்.

முகபாவத்துக்கு மனித முகத்தை அணிலுக்கு ஒட்டவேண்டியதில்லை. அணிலின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன, புருவம் கிடையாது, சிரிக்காது. ஆனால் வால் இருக்கிறது. பயத்தில் மயிர் சிலிர்த்துப் புட்டி கழுவும் பிரஷ் போல, சோர்வில் தரையில் இழுபட்டு, ஆர்வத்தில் முன்பக்கம் வளைந்து என்று வாலை வைத்தே ஆறு உணர்ச்சிகளை மாதிரித் தாளின் கீழ்ப்பகுதியில் வரைந்துவிடுங்கள். முகத்தில் எவ்வளவு குறைவாக வைக்கலாம் என்பதற்கு டச்சு ஓவியர் டிக் புரூனா 1955இல் உருவாக்கிய வெள்ளை முயல் நல்ல சான்று: இரண்டு புள்ளிக் கண்கள், பெருக்கல் குறி போன்ற வாய், எப்போதும் நேராக நம்மைப் பார்க்கும் முகம். ஏறத்தாழ அசையாத அந்த முகத்தில் குழந்தை தன் மகிழ்ச்சியையும் துயரத்தையும் தானே ஏற்றிக்கொள்கிறது. அவரைப் பின்பற்ற வேண்டாம். முகத்தில் கோடு கூடக்கூட உணர்ச்சி கூடிவிடாது என்பதற்கு மட்டும் அதை நினைவில் வையுங்கள்.

கதையில் வரும் மனிதர்களுக்கும் இதே கவனம் தேவை. வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்றால் அது எத்தனை மாதக் குழந்தை என்று தெரிந்துகொண்டு வரையுங்கள். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் இதில் நமக்கு ஆசிரியர்கள். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவதைச் செங்கீரை என்றார்கள். ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவதைச் சப்பாணி என்றார்கள். குழந்தையை அதன் செயலால் அடையாளம் காட்டும் இந்த மரபு, முகம் வட்டமா நீளமா என்று தொடங்கும் எந்தப் பாடத்தையும்விட எனக்குப் பயன்பட்டிருக்கிறது. பாட்டியை வரையும்போதும் கொண்டை, மூக்குக்கண்ணாடி, தடி என்று கடையில் வாங்கிய பாட்டியாக்கிவிடாமல், உங்கள் தெருவில் கீரை ஆய்ந்துகொண்டு, இருபது லிட்டர் தண்ணீர் கேன் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கும் பாட்டியை வரையுங்கள்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. நம் மக்களின் மாநிறத்தையும் கறுப்பையும் அப்படியே வரையுங்கள். ஆனால் அச்சில் அது சேறாகிவிடக்கூடும் என்பதை அறிந்து வரையுங்கள். மேற்பூச்சு இல்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சும்; திரையில் ஒளிர்ந்த பழுப்பு நிறம் தாளில் ஒரு படி இருண்டு வரும். ஆகவே தோலின் நிறத்தில் கறுப்பு மையைக் குறைத்து, மஞ்சளையும் சிவப்பையும் கொண்டு அடர்த்தி கூட்டுங்கள்; அச்சகத்தில் மாதிரிப் படி ஒன்று எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள்.

இப்போது மொழிக்கு வருகிறேன். இது ஓவியத்தைவிடச் சிறிய விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழில் எழுதும்போது, அணில் வந்த முதல் வாக்கியத்திலேயே அது ‘வந்தது’ என்பதா, ‘வந்தாள்’ என்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த வினைமுற்றைத் தவிர்க்க வழியே இல்லை. தொல்காப்பியக் கணக்கில் மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. ஆனால் உவப்பினால் திணை மாறிச் சொல்வது குற்றமில்லை என்று நன்னூல் இடம் தருகிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம். எனவே இலக்கணம் உங்களுக்குத் தடையில்லை, தேர்வு உங்களுடையது. ‘வந்தது’ என்றால் குழந்தை சற்றுத் தள்ளி நின்று ஓர் உண்மையான அணிலைக் கவனிக்கிறது. ‘வந்தாள்’ என்றால் அணில் வகுப்புத் தோழியாகிவிடுகிறாள். உங்கள் கதையில் அணிலின் ஆசையோடு குழந்தை ஒன்ற வேண்டும் என்பதால் ‘வந்தாள்’ என்றே நான் எழுதுவேன். அதே புத்தகத்தில் பூனையை ‘வந்தது’ என்று எழுதி அந்நியமாக்குவேன். பூனையும் பிறகு நட்பாகிறது என்றால், எந்தப் பக்கத்தில் ‘வந்தது’ என்பது ‘வந்தான்’ ஆகிறது என்பதே கதையின் திருப்பமாக அமையலாம். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த படக்கதைகளில் இந்தத் தேர்வு தற்செயலாகவே நடந்து, ஒரே விலங்கு இரண்டு திணைகளுக்கும் மாறிமாறிப் போவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

பெயரையும் வேற்றுமை உருபு சேர்த்துப் பார்த்த பிறகே வையுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்குப் பெயர் என்பது ஒரு படம் மாதிரி. உருபு சேரும்போது அது உருமாறினால் திகைத்துவிடும். செல்வம் என்பது செல்வத்தை, செல்வத்துக்கு என்று ஆகும்போது இறுதி ‘ம்’ காணாமல் போய்விடுகிறது. நார் பிடுங்கும் அணிலுக்குத் ‘தும்பு’ என்ற பெயர் எனக்கு முதலில் தோன்றியது. தென்னந்தும்பு என்கிறோம் அல்லவா? ஆனால் ‘தும்பு’வோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘தும்பை’ என்றாகிப் பூவாகிவிடுகிறது. ‘தும்பக்கா’ என்று வைத்துப் பார்த்தேன். தும்பக்காவை, தும்பக்காவுக்கு, தும்பக்காவோடு என எங்கும் பெயர் முழுதாக நிற்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு: நெடில் எழுத்தில் முடிவதால் மாடியிலிருந்து மரத்தைப் பார்த்து நீட்டிக் கூப்பிடலாம். குழந்தைகள் கூப்பிட முடியாத பெயர் நிலைப்பதில்லை. சென்னைக் குழந்தை தன்னைவிடச் சற்றுப் பெரிய எந்தப் பெண்ணையும் அக்கா என்றுதான் அழைக்கும். ஆகவே பெயரிலேயே உறவும் வந்துவிடுகிறது. உங்களுக்கு வேறு பெயர் பிடித்தால் அதையும் இப்படி ஐ, கு, ஓடு சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

எடுத்துரைப்பு எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பாட்டியும் தும்பக்காவும் பேசும் வரிகள் மட்டும் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். “யாரது என் கால்மிதியப் பிக்கிறது?” என்று பாட்டி கேட்டால்தான் அது பாட்டி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல் இருந்தால் குழந்தை குழம்பாது.

புத்தகத்தின் உடலமைப்பும் கதாபாத்திரத்தைப் பாதிக்கும். அச்சகத்தில் ஒரு பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சிட்டு மடிப்பதால் (இதை ஃபாரம் கணக்கு என்பார்கள்), படக்கதைகள் பெரும்பாலும் 16, 24 அல்லது 32 பக்கங்களில் அமைகின்றன. நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட்டே ஆக வேண்டும். தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போக, 32 பக்கத்தில் கதைக்குக் கிடைப்பது பன்னிரண்டு, பதின்மூன்று விரிபக்கங்கள்தான், அதாவது புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டிரண்டு பக்கங்கள். தும்பக்கா அத்தனையிலும் வேறு வேறு அளவில் தோன்ற வேண்டும்: ஒன்றில் வாசற்படியின் மூலையில் கட்டை விரல் அளவு, அடுத்ததில் பக்கம் நிறைய நார் மீசை. தமிழ் இடமிருந்து வலமாகப் படிக்கப்படுவதால், வலப்பக்கம் பார்த்து ஓடும் அணில் கதையை முன்னே கொண்டுபோகிறது. தடைபட்டுத் திரும்பும் இடத்தில் மட்டும் அவளை இடப்பக்கம் பார்க்க விடுங்கள், எழுதாமலேயே அது பின்னடைவு என்று புரியும். முகம் நடுமடிப்பில் விழாமலும், வால் நுனி வெட்டுப்படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். படம் தாளின் விளிம்பு வரை போகிறது என்றால் வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக வரைய வேண்டும்.

இறுதி ஓவியத்துக்கு வண்ணம் எடுப்பதற்கு முன், எட்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஒன்றாகச் செருகுங்கள். 32 பக்கங்கள் கிடைத்துவிடும். அதில் பென்சிலால் கிறுக்கலாகவே முழுக் கதையையும் போட்டு, உங்கள் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் படித்துக் காட்டுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் போனால், முன்பின் தெரியாத குழந்தைகள் படப் புத்தகத்தை எப்படிப் புரட்டுகிறார்கள், எங்கே விரல் வைக்கிறார்கள், எங்கே இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதையும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கவனிக்கலாம். உங்கள் வரைவைப் படித்து முடித்ததும் ‘பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள். குழந்தைகள் உங்களுக்காக ஆமாம் என்பார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு தாளும் மெழுகு வண்ணக் குச்சியும் கொடுத்து, தும்பக்காவை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள்.

அந்தத் தாள்களில் எல்லாக் கைகளும் வரைந்திருப்பது எது என்று பாருங்கள். நாரும் வாலும் மூன்று கோடுகளும் பெரும்பாலான படங்களில் இருந்தால் அவை நிலைத்துவிட்டன. ஒருவரும் வரையாத எதையும், உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், மாதிரித் தாளிலிருந்து அழித்துவிடுங்கள். நீங்கள் வரையாத ஒன்றை இரண்டு மூன்று குழந்தைகள் சேர்த்திருந்தால், உதாரணமாகக் கூட்டுக்குள் ஒரு குட்டியை வைத்திருந்தால், அதைப் பற்றி அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு அந்தத் தாள்களைத் தேதி குறித்து எடுத்து வையுங்கள். இறுதிப் படங்களுக்கு உட்காரும் நாளில், மாதிரித் தாளுக்குப் பக்கத்தில் அவையும் மேசைமேல் இருக்க வேண்டும்.